ஐஸ் கேட்டவர்களுக்கு நாம் கட்டிய கருவாட்டுக் கொட்டகை

அண்ணே,

சனிக்கிழமை காலை கராஜில் சீலாக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். மெல்பேர்னின் பொயிண்ட் குக்கில் எங்கள் தெருத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். கருவாட்டை வீட்டுக்குள் பொரித்தால் திரைச்சீலை முதல் பேத்தியின் பள்ளிச் சீருடை வரை ஒரு வாரம் மணக்கும். அதனால் கராஜில் ஒரு சின்ன எரிவாயு அடுப்பு. கதவு பாதி திறந்திருக்கும். மின்விசிறி தெருவைப் பார்த்துச் சுழலும். கருவாடு, பக்கத்து ஊர் ட்ருகனினாக் கடையில் வாங்கிய பொட்டலம். துண்டுகளை எண்ணெயில் போட்டதும் எழுந்த மணத்தில் நீங்கள் வந்து பக்கத்தில் நின்றது போலிருந்தது. "சீலாவோ? அது அறுக்குளா, ரீச்சர்" என்று உங்கள் ஊர்ப் பெயர் சொல்லித் திருத்தவும் செய்தீர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொலைபேசி ஒலித்தது.

"மிஸ், நான் லொரெய்ன்."

உங்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். வடக்கே அந்தக் கடலோர ஊரில் என் வகுப்பில் உதவியாளராக இருந்தவள். இப்போது ஊரின் கூட்டுறவு அமைப்பை அவள்தான் நடத்துகிறாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் ராமநாதபுரத்துத் தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ், மறுபடியும் ஐஸ் மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கோம். அரசாங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு பேசினா. நல்ல பொண்ணுதான். பழைய ஃபைல்ல நம்ம ஊரைப் பத்தி ஒண்ணு இருக்காம். முன்னாடி குடுத்த திட்டம், மக்கள் ஒத்துழைக்காததால நின்னு போச்சுன்னு. விளக்கம் ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்கன்னா. நாங்க எப்ப மிஸ் ஒத்துழைக்காம இருந்தோம்?"

கருவாடு கருகியது. அடுப்பை அணைத்தேன். "நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? அந்த ஃபைலில் இருப்பதை எழுதியவள் நான். கீழே கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் ஒருவர் இறந்தால் நெடுநாள் அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்ததில் அந்தப் பழக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது.

மெல்பேர்னில் எனக்கு நிரந்தர வேலை கிடைக்காத காலம் அது. வடக்கில் ஒரு பூர்வகுடி ஊரின் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேண்டும் என்றார்கள். கணவரையும் மகனையும் இங்கே விட்டுவிட்டு டார்வின் போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் இறங்கினேன். ஓடுபாதையின் ஓரத்தில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு நின்ற ஒருவர் "தமிழோ?" என்று கேட்டார். மன்னாரில் பிறந்து, எங்கெங்கோ சுற்றி, அந்த ஊரின் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் ஊரும் உங்கள் ஊரும் ஒரே கடலின் இரண்டு கரைகள். அந்தக் கடலில் சந்திக்காமல் வேறொரு கடலோரத்தில் சந்தித்துக்கொண்டோம்.

"நான் ஒரு வடக்கில இருந்து ஓடி வந்து இன்னொரு வடக்கில நிக்கிறன், ரீச்சர்" என்பீர்கள். "ரெண்டு வடக்குக்கும் என்ன வேணுமெண்டு தெற்கில இருக்கிறவைதான் முடிவெடுக்கினம்."

உங்கள் வேலை முறை ஒன்றைப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். பழுது பார்த்த ஜெனரேட்டரை மறுபடி ஓடவிடும் முன் நீங்கள் அதைச் சுற்றி வருவீர்கள். வேலை செய்த ஒவ்வொருவரிடமும் "கையை எடுத்தாச்சோ?" என்று கேட்பீர்கள். அவர் "எடுத்தாச்சு" என்று சொல்லும்வரை காத்திருப்பீர்கள். ஒருநாள் ஒருவர் வெறுமனே தலையாட்டினார். நீங்கள் விசையைத் தொடவில்லை. "தலையாட்டினாக் காணாது. வாயால சொல்லோணும்." ஊரே இருளில் நின்றாலும் அந்த ஒரு சொல் வராமல் எந்திரம் ஓடாது.

எந்திரத்துக்குக் காட்டிய அந்தப் பொறுமையை மனிதர்களுக்குக் காட்டாமல் போனோமே என்பதுதான் இந்த வாரம் முழுவதும் என்னை உட்காரவிடவில்லை.

வடக்கின் தொலைதூர ஊர்களில் சிறுதொழில் தொடங்க அரசு உதவி என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூட மாமரத்தடியில் கூட்டம். லொரெய்னின் பெரியம்மா முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கடலில் எந்த மாதம் எந்த மீன் எந்த முனையைச் சுற்றி வரும் என்று அறிந்தவர். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் ஒரே சொல் சொன்னார்: "ஐஸ்."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை. சரக்குப் படகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை மீன் கெடாமல் இருந்தால் டார்வினுக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் நீங்கள் எழுந்து நின்றீர்கள். "ஐஸ் மெசின் மாசத்தில பத்து நாள் படுத்திடும். ஜெனரேட்டரைப் பார்க்கிறவன் சொல்லுறன். வெயிலுக்கு டீசல் அடிக்கத் தேவையில்ல. உப்பும் வெயிலும் காணும்." பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "ரீச்சர், இந்த அறுக்குளாவை எங்கட ஊர் மாதிரிக் கீறி உப்புப் போட்டுக் காயவிட்டா சிட்னி ஹரிஸ் பார்க் கடைக்காரர் வரிசையில நிப்பினம்!" என்றீர்கள். உங்கள் கண்கள் மின்னின. என் வாயில் எச்சில் ஊறியது. எத்தனை மாதமாகியிருந்தது அண்ணே, நாம் இருவரும் ஒரு நல்ல கருவாடு தின்று!

சில நாள் கழித்து அதே மாமரத்தடியில், நீங்கள் காயவைத்த முதல் துண்டை நான் பொரித்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார்.

"இது எந்த வருஷத்து மீன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அவர் மரியாதைக்கு ஓரத்தில் கொஞ்சம் கடித்துவிட்டு, மீதியைத் தன் நாய்க்குப் போட்டார். நாயும் கொஞ்சம் யோசித்தது. அதற்கும் சிரித்தோம். பிறகு "அப்போ இதையே எழுதலாமா?" என்று கேட்டேன். பெரியம்மா கடலைப் பார்த்தபடி, "ம், பார்க்கலாம்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனால் அதற்கு என்ன பொருள் என்று நம் இரண்டு கரைகளிலும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நமக்கு அன்று தெரியாமல் போனது. கருவாட்டு மணம் அப்படி.

விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். "பாரம்பரிய முறையில் மீன் உலர்த்துதல்" என்று தலைப்பு. யாருடைய பாரம்பரியம் என்று படிவம் கேட்கவில்லை. உதவியும் கிடைத்தது. கரைக் காற்று நேராக ஊடுருவும் இடம் பார்த்து நீங்கள் கொட்டகை கட்டினீர்கள். ஒவ்வொரு திருகையும் உங்கள் கையால் முறுக்கினீர்கள். ஊர் இளைஞர்கள் நாள் தவறாமல் வந்தார்கள்; பெண்கள் மீன் கழுவித் தந்தார்கள். நாம் கேட்டதற்காக வந்தார்கள் என்பது இப்போது புரிகிறது. ஹரிஸ் பார்க்குக்கு அனுப்பிய முதல் பெட்டிக்கு மறுவாரமே கடைக்காரர் கூப்பிட்டு, "மன்னார்க் கருவாடு தோத்துது அண்ணை" என்றார். அன்று நீங்கள் பவர் ஹவுஸுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனீர்கள். டார்வினிலிருந்து அதிகாரிகள் வந்து உங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் பெரியம்மாவின் தம்பி அந்தக் கரையோரத்தில் கடலில் இறந்தார். கரை மூடப்பட்டது. அவர் நடந்த வழி, அமர்ந்த இடம் எங்கும் யாரும் போகக்கூடாது. எப்போது திறப்பது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள், நாள்காட்டி சொல்லாது. கொட்டகை அந்தக் கரையில்தான் இருந்தது.

நான்காம் நாள் உங்களுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே தொங்கும் மீனையாவது எடுத்து வந்துவிடலாம் என்று கிளம்பினீர்கள்; நானும் பின்னால் வந்தேன். பெரியம்மா வழியில் நின்றிருந்தார். பாதையின் நடுவில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். திரும்பும்போது, "எங்கட அப்பு செத்த வீட்டில நாப்பது நாள் வள்ளம் இறக்கேல்ல, ரீச்சர். நான் எப்பிடி இதை மறந்தன்?" என்றீர்கள்.

மழைக்காலம் தொடங்கியது. மீன் புழுத்துப் போனது. இறுதி அறிக்கை கேட்டுக் கடிதம் மேல் கடிதம் வந்தது. திட்டம் நின்றதற்குக் காரணம் குறிக்க நான்கு கட்டங்கள்: வானிலை, சந்தை, கருவி, மக்கள் ஒத்துழைப்பின்மை. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதற்குக் கட்டம் இல்லை. துக்கத்துக்கும் இல்லை. தாளின் ஓரத்தில் எழுதியிருக்கலாம். எனக்கு விடுமுறைக்கு மெல்பேர்ன் விமானம் மறுநாள். நான்காவது கட்டத்தில் குறி போட்டு உங்களிடம் கொண்டுவந்தேன்.

வெகுநேரம் பார்த்தீர்கள். "இது சரியில்ல, ரீச்சர்."

"ஒரு டிக்தானே அண்ணே. யாரு படிக்கப்போறாங்க?"

கையெழுத்துப் போட்டீர்கள். எனக்காகப் போட்டீர்கள்.

நாற்பது ஆண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு மாணவன் கரும்பலகையில் இருக்கும் கணக்கைத் தவறாகப் பார்த்து எழுதிக்கொள்வான். பிறகு கூட்டல், பெருக்கல் எல்லாம் பிசகாமல் செய்வான். விடை மட்டும் தவறாக வரும். அவனிடம், "கணக்கை மறுபடி பலகையில் பார்" என்பேன். பலகை மீது பழி போட்டு எழுதிவரும் பிள்ளையை நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் அதைத்தான் செய்தேன்.

இந்த வாரம் தினமும் விடியும் முன்பே எழுந்துவிட்டேன். ஏரியைச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்து எழுதினேன், கிழித்தேன். என் தவற்றை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஓய்வு பெற்றவளை யார் என்ன செய்யப்போகிறார்கள்? ஆனால் உண்மையை எழுதினால், பொய்யான அறிக்கையில் நீங்கள் கையெழுத்துப் போட்டதையும் எழுத வேண்டும். உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு சிட்னி வந்தபோது உங்கள் வீட்டு ஹாலில் அந்தச் சான்றிதழைக் கண்டேன். திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டமிட்டு. வந்தவர்கள் எல்லாருக்கும் அக்கா அதைக் காட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மனைவியிடமிருந்து அந்த ஒரு பெருமையையும் எப்படிப் பறிப்பது?

புதன்கிழமை பொறுக்க முடியாமல் அக்காவுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அதுதானோ?" என்றார் அக்கா. "அந்த வடக்கு ஊர் வேலையால வந்த பிறகு இந்த மனுசன் வீட்டில கருவாடு பொரிக்க விடேல்ல, ரீச்சர். கேட்டா பிரஷர் எண்டவர். நானும் உப்புக் கூடாதாக்குமெண்டு விட்டிட்டன். ஊறுகாயை மட்டும் போத்திலோட நக்குவார்! அப்ப பிரஷர் இல்லையோ எண்டு ஏசுவன்."

இருவரும் சிரித்தோம். பிறகு அக்கா அழுதார்.

"சேட்டிபிக்கற்றைச் சுவரில கொழுவ அவர் ஒருநாளும் விட்டதில்ல. கட்டிலுக்குக் கீழதான் கிடந்தது. அவர் போன பிறகு நான்தான் எடுத்துக் கொழுவினன். கழட்டட்டோ?"

"வேண்டாம்க்கா. கொட்டகை கட்டினதுக்குத்தானே குடுத்தாங்க. அதை நல்லாத்தான் கட்டினாரு."

"அப்ப மற்றதை எழுதுங்கோ. அவரையும் சேர்த்து எழுதுங்கோ. அவரால சொல்ல ஏலாமப் போச்சு, நீங்களாவது சொல்லுங்கோ."

அன்று மாலையே எழுதி முடித்தேன். ஐஸ் கேட்டார்கள், நாங்கள் எங்கள் ஆசையைத் திட்டமாக எழுதினோம், அவர்கள் எங்களுக்காக உழைத்தார்கள், ஒரு மரணம் வந்தது, அவர்கள் முறைப்படி நின்றார்கள், அதற்கு ஒத்துழைப்பின்மை என்று நான் தவறாகப் பெயர் வைத்தேன், திட்டப் பொறுப்பாளர் மனமில்லாமல் ஒப்பமிட்டார். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அனுப்பும் பொத்தானுக்கு மேல் ஒரு சின்னக் கட்டம்: மேற்கூறியவை உண்மை என உறுதி கூறுகிறேன். அதிலும் ஒரு குறி போட வேண்டும். விரல் அப்படியே நின்றது.

உங்கள் குரல் கேட்டது. கையை எடுத்தாச்சோ?

கணினியை மூடிவிட்டு, வியாழக்கிழமை காலை லொரெய்னைக் கூப்பிட்டேன். "அனுப்புறதுக்கு முன்னாடி உனக்கும் பெரியம்மாவுக்கும் படிச்சுக் காட்டணும்" என்றேன். பெரியம்மாவை அழைத்து வர ஆள் போனது. காத்திருந்த நேரத்தில், விண்ணப்பத்தை ஏன் கடைசித் தவணை வரைக்கும் இழுத்தீர்கள் என்று கேட்டேன். முதல் தவணையிலேயே போட்டிருந்தால் இந்த அவசரம் இருந்திருக்காது.

"முதல் தவணைக்கே எல்லாம் ரெடி மிஸ். அப்பதான் அவர் செய்தி வந்துச்சு." அவளும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "மூணு வாரம் நாங்க ஒண்ணும் செய்யல. பவர் ஹவுஸை மூட முடியாது, கரண்ட் போயிடும். அதனால அவர் உட்கார்ற பெஞ்சு இருக்கிற பக்கத்தை மட்டும் மூடி வச்சோம். அப்புறம் பெரியம்மா இலை கொளுத்திப் புகை போட்டுத் திறந்துவிட்டாங்க. கொட்டகைக்கும் போட்டாங்க."

"கொட்டகை இன்னும் இருக்கா?"

"இருக்காவா? எத்தனை புயல் போயிடுச்சு, ஒரு தகரம் ஆடல. ஐஸ் மெஷினை அதுக்குள்ளதான் வைக்கப்போறோம். கூரையில சோலார். டீசல் வேண்டாம்னுதானே அவர் சொல்லிட்டே இருந்தார்?"

எந்த வழக்கத்துக்கு நான் குற்றக்குறி போட்டேனோ, அந்த வழக்கப்படி அவர்கள் உங்களுக்காக வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். தவணை போனாலும் போகட்டும் என்று.

பெரியம்மா வந்தார். நான் வரிவரியாகப் படித்தேன். லொரெய்ன் தங்கள் மொழியில் அவருக்குச் சொன்னாள். முடிந்ததும் மறுமுனை அமைதியானது. எங்கோ நாய் குரைத்தது. பழைய நானாக இருந்தால், "அப்போ அனுப்பிடட்டுமா?" என்று அந்த அமைதியைக் கலைத்திருப்பேன். அவர்கள் தலையாட்டியதை எனக்கு வசதியாகச் சம்மதம் என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

அண்ணே, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்புத்தான். விசையில் கை வைத்தபடி, அடுத்தவர் வாயால் சொல்லும்வரை நிற்பது. சாலை கடக்கும்போது பேத்தியிடமும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். தலையை ஆட்டிவிட்ட அவள், "ஆச்சி, ஐ நாடட்!" என்று கோபித்துக்கொள்கிறாள். நீங்கள் அதை மாமரத்தடியில் மறந்தீர்கள். நான் அறிக்கையில் மறந்தேன். இந்தமுறை மறக்கவில்லை. தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு கராஜில் நின்றேன்.

கடைசியில் பெரியம்மா சொன்னார், நேராக எனக்கே, ஆங்கிலத்தில்:

"அனுப்பு. ஐஸையும் எழுதினாயா?"

"எழுதியிருக்கேன்" என்றேன். "முதல் வரியிலேயே."

பிறகுதான் அந்தக் கட்டத்தில் குறி போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. கையில் தொலைபேசியோடு வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.